மருந்து ஜன்னல் வரை வந்து சேர்ந்த கொள்கை

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் பாட்டியோடு போகும்போது கையில் இரண்டு பொருள் தவறாமல் இருக்கும். கழுவிக் கவிழ்த்து வைத்த ஒரு கண்ணாடி பாட்டில். மாத்திரை மடித்து வர, பழைய நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். கம்பவுண்டர் ஜாடியிலிருந்து இளஞ்சிவப்பு மிக்சரை பாட்டிலில் ஊற்றுவார். பெரிய தகர டப்பாவுக்குள் கையை விட்டு வெள்ளை மாத்திரைகளை எண்ணித் தாளில் போடுவார். அது என்ன மாத்திரை, எந்தக் கம்பெனி செய்தது, எந்த மாதம் காலாவதியாகும் என்று பாட்டிக்குத் தெரியாது. டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு கிழியாமல் இருந்தால்தான் கம்பவுண்டருக்கே தெரியும். இதெல்லாம் மருந்து இருந்த நாட்களின் கதை. மற்ற நாட்களில், "ஸ்டாக் இல்லம்மா, வெளியில வாங்கிக்க" என்று சீட்டு திரும்பி வந்துவிடும். பாட்டி அதை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, எதிரில் இருந்த மருந்துக்கடைப் பக்கம் பார்க்காமலே வீட்டுக்கு நடப்பார்.

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம் என்பது அன்றைக்கும் அரசின் கொள்கைதான். பட்ஜெட்டில் அதற்குப் பணம் ஒதுக்கினார்கள். அந்தப் பணம் செலவும் ஆனது. மருந்து செய்யும் கம்பெனிகளுக்கும் நாட்டில் பஞ்சமில்லை. எல்லாம் இருந்தும் பாட்டியின் கையில் மருந்து இல்லை.

இன்று ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து ஜன்னலில் கிடைப்பது அலுமினிய அட்டையில் அடைத்த மாத்திரை. மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி, தமிழ்நாடு அரசின் சப்ளை, விற்பனைக்கு இல்லை என்ற குறிப்பு எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சீட்டைக் காட்டி வாங்கிப் போகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். குறைகள் இன்றும் உண்டு, அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அந்தத் தகர டப்பாவுக்கும் இந்த அட்டைக்கும் நடுவில் "இலவச மருந்து" என்ற கொள்கையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியவை நான்கு: மருந்து வாங்கும் முறை, சோதிக்கும் முறை, பங்கிடும் முறை, பணம் கொடுக்கும் முறை. இந்த நான்கையும் ஒன்றாகக் கையில் எடுத்தது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994 ஜூலை 1 அன்று அரசு நிறுவனமாகப் பதிவாகி, 1995 ஜனவரி முதல் மருந்து கொடுக்கத் தொடங்கியது.

ஒரு கொள்கையை எப்படி அலசுவது, அதை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கழகத்தைத்தான் காட்டுவேன். சட்டமன்றத்தில் மேசை தட்டும் அறிவிப்பு எதுவும் இதில் இல்லை. அதனாலேயே இது நன்றாகப் பாடம் சொல்கிறது.

எங்கே அடைத்துக்கொண்டிருந்தது

பழைய முறையை முதலில் பார்ப்போம். மாநிலத்தில் மருத்துவமனைகள் ஒரே குடையின் கீழ் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். மாவட்ட, வட்ட மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையின் கீழ். மருந்தையும் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்கினார்கள். ஒரே மருந்துக்குப் பல விலை. கம்பெனிகளோடு ஒரு விலைக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டு, சரக்கு வருமா, எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். பட்டியலில் அத்தியாவசியமானதும் இருக்கும், அவ்வளவு அவசியமில்லாததும் இருக்கும். ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் வந்து இறங்கும்.

தரத்தின் நிலை இன்னும் மோசம். மருந்து நேராக மருத்துவமனைக்கு வந்துவிடும். சோதனைக்கு மாதிரி எடுத்தால்கூட, முடிவு வருவதற்குள் பாதி மாத்திரை நோயாளிகளின் வயிற்றுக்குள் போயிருக்கும். மருந்து தேறவில்லை என்று அறிக்கை வந்து யாருக்கு என்ன பயன்?

இந்த இடத்தில்தான் கொள்கை அலசல் என்ற வேலை தொடங்குகிறது. ஜன்னலில் நிற்கிறவருக்குத் தெரிவது ஒரே குறைதான்: மருந்து இல்லை. அந்த ஒரு குறைக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல காரணங்கள் இருக்க முடியும். விலை அதிகம் கொடுத்து வாங்கியதால் பணம் சீக்கிரம் தீர்ந்திருக்கலாம். பணம் இருந்தும் கம்பெனி சரக்கு அனுப்பாமல் இருக்கலாம். பக்கத்து மாவட்டத்தில் அதே மருந்து மூட்டையாகக் கிடந்து காலாவதியாகிக்கொண்டிருக்கலாம். வந்த சரக்கு பின்வாசல் வழியாகக் கடைக்குப் போயிருக்கலாம். காய்ச்சலுக்கு நாலு நாள் மாத்திரை சாப்பிட்டும் தணியாத காய்ச்சல், போலி மாத்திரையின் வேலையாகவும் இருக்கலாம்.

இவை அத்தனைக்கும் ஒரே பதிலாக "நிதி ஒதுக்கீட்டைக் கூட்டுங்கள்" என்றால், ஓட்டைக் குழாயில் தண்ணீர் அழுத்தத்தைக் கூட்டிய மாதிரிதான். கொஞ்சம் கூடுதலாக வீடு வந்து சேரும், நிறையக் கூடுதலாக ரோட்டில் ஓடும். நம் ஊரில் பெரும்பாலான விவாதங்கள் ஒதுக்கீட்டுத் தொகையோடு முடிந்துவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. அதற்கு அப்புறம்தான் கதையே ஆரம்பிக்கிறது.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு முன்னோடி

மருந்தை மொத்தமாக, தேவையான பட்டியலின்படி, கம்பெனி வைத்த வணிகப் பெயரில் இல்லாமல் மருந்தின் பொதுப்பெயரில் வாங்கலாம் என்ற யோசனை தமிழ்நாட்டில் பிறந்ததில்லை. நமக்கு மிகப் பக்கத்தில், இலங்கையில், அது முன்னாலேயே நடந்தது. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே வகுத்த கொள்கையின்படி 1971ல் அங்கே அரசு மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது. அவரே அதன் முதல் தலைவர். இறக்குமதியாகும் மருந்துகளின் நீளமான பட்டியலைச் சுருக்கினார்கள். வணிகப் பெயரை விட்டுப் பொதுப்பெயரைப் பிடித்தார்கள். உலகச் சந்தையில் போட்டி விலை கேட்டு வாங்கினார்கள். பன்னாட்டுக் கம்பெனிகளின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1977ல் பிபிலே இறந்தார். அதே ஆண்டில் ஆட்சி மாறியது. தனியார் இறக்குமதிக்கு மறுபடி கதவு திறந்தது. உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே 1977ல்தான். சுமார் 200 மருந்துகள் கொண்ட அந்தப் பட்டியலின் பின்னால் இலங்கை அனுபவத்துக்கும் பங்கு உண்டு.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. இலங்கையில் அலசல் மிகத் தெளிவாக இருந்தது. கூட்டுத்தாபனமும் அழியவில்லை, இன்றும் இயங்குகிறது. ஆனால் ஆட்சி மாறியபோது கொள்கையின் பற்கள் தளர்ந்தன. ஒரு கொள்கை யாருடைய தோளில் நிற்கிறது என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சென்னைக்குத் திரும்புவோம்.

பட்டியல், டெண்டர், பணம்

கழகத்தை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர்.பூர்ணலிங்கம். அவரும் உடன் வேலை செய்தவர்களும் முதலில் தொட்டது பட்டியலை. மருத்துவர்கள் கொண்ட குழு ஒன்று உட்கார்ந்து, நம் மாநில நோயாளிகளில் பெரும்பாலோருக்கு எந்தெந்த மருந்து போதும் என்று தீர்மானித்தது. சில நூறு மருந்துகள், எல்லாம் பொதுப்பெயரில். பட்டியல் சுருங்கினால் ஒவ்வொரு மருந்தையும் மிகப் பெரிய அளவில் கேட்கலாம். அளவு பெருகினால் விலை இறங்கும். மளிகைக் கடையில் மூட்டையாக எடுக்கிறவருக்கு ஒரு விலை, கால் கிலோ கேட்கிறவருக்கு ஒரு விலை என்பது நாம் எல்லோரும் அறிந்த கணக்குதான். அதுவரை தமிழ்நாடு அரசு, மாநிலத்திலேயே மிகப் பெரிய மருந்து வாடிக்கையாளராக இருந்துகொண்டு கால் கிலோக்காரர் மாதிரி வாங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் டெண்டர். விலைப்புள்ளி இரண்டு உறைகளில் வர வேண்டும். முதல் உறையில் தொழிற்சாலையின் தகுதி: மருந்தைத் தானே தயாரிக்கும் கம்பெனியா, நல்ல உற்பத்தி நடைமுறைச் சான்றிதழ் உண்டா, குறைந்தபட்ச ஆண்டு விற்பனை இருக்கிறதா, சந்தையில் சில ஆண்டுகளாவது நின்றிருக்கிறதா. இதில் தேறியவர்களின் இரண்டாவது உறையைத்தான் பிரிப்பார்கள். விலை அதில் இருக்கும். இடைத்தரகருக்கு இடமில்லை. உறைகளைப் பிரிக்கும்போது போட்டியாளர்கள் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். தகுதி பார்க்காமல் விலையை மட்டும் பார்த்தால் சுண்ணாம்பு மாத்திரைதான் ஜெயிக்கும். தகுதியை மட்டும் அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டால் வேண்டப்பட்டவர் ஜெயிப்பார். இரண்டு உறை என்ற சின்ன ஏற்பாடு இரண்டு ஆபத்தையும் தனித்தனியாகப் பிடித்துவைக்கிறது.

மூன்றாவது பணம். இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கவனிக்காமல் விட்டுவிடும் இடம் இது. அரசுக்குச் சரக்கு விற்ற எவரையும் கேட்டுப் பாருங்கள், விலையைக் காட்டிலும் "பில் எப்போ பாஸ் ஆகும்?" என்பதுதான் அவர்களின் கவலை. ஆறு மாதமோ ஒரு வருடமோ பணம் வராது என்று தெரிந்தால், அந்தக் காலத்துக்கான வட்டியையும், யார் யாரையோ பார்க்க அலைகிற செலவையும் கம்பெனி விலையிலேயே ஏற்றிவிடும். நேர்மையான கம்பெனி டெண்டருக்கே வராமல் ஒதுங்கிவிடும். கழகம், சரக்கு வந்து தரச் சோதனையில் தேறியதும் குறித்த காலத்தில் பணம் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தது. தாமதமாக அனுப்பினால் அபராதம். தரத்தில் தவறினால் கறுப்புப் பட்டியல். தன் பக்கத்து வாக்கை அரசு காப்பாற்றிய பிறகுதான் அந்த அபராதத்துக்கு மரியாதை வந்தது. தமிழ்நாடு வாங்கிய விலைக்கும் வேறு சில மாநிலங்கள் வாங்கிய விலைக்கும் இருந்த வித்தியாசத்தை ஆராய்ந்தவர்கள், டெண்டர் விதிகளைப் போலவே இந்தப் பணப் பட்டுவாடாவையும் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

கிடங்கில் நடப்பது

மருந்து இப்போது நேராக மருத்துவமனைக்குப் போவதில்லை. மாவட்டக் கிடங்குக்கு வரும். வந்ததும் தனியாக ஒரு பகுதியில் அடுக்கிவைப்பார்கள். அங்கிருந்து ஒரு பெட்டியைக்கூட வெளியே விடமாட்டார்கள். ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும், அதாவது ஒரே தடவையில் தயாரான ஒவ்வொரு தொகுதியிலிருந்தும், மாதிரி எடுத்துச் சென்னைக்கு அனுப்புவார்கள். சென்னையில் அந்த மாதிரிகளில் தயாரிப்பாளரின் பெயரை மறைத்து, ஒரு ரகசிய எண் கொடுத்து, கழகம் அங்கீகரித்த பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தான் யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்று சோதிப்பவருக்குத் தெரியாது. தன் மருந்து எந்தக் கூடத்துக்குப் போயிருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரியாது. தேறினால்தான் அந்தப் பேட்ச் விநியோகப் பகுதிக்கு நகரும்.

பரிசோதனைக் கூடத்து ஊழியர் நேர்மையாக இருக்க வேண்டும் என்று சொற்பொழிவு ஆற்றியிருக்கலாம், கண்காணிப்புக் குழு அமைத்திருக்கலாம். அவர்கள் அதைச் செய்யவில்லை. லஞ்சம் கொடுக்க நினைப்பவருக்கு யாரிடம் கொடுப்பது என்றே தெரியாதபடி செய்துவிட்டார்கள். தேர்வுத்தாளில் பெயருக்குப் பதில் எண் போடுவதன் அதே தத்துவம். ஒரு நடைமுறையைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்த மாதிரி இடங்களைத்தான்: சாதாரண மனிதர் ஒருவர், சாதாரணச் சோர்வோடும் ஆசையோடும், அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்குத் தவறு செய்வது எளிதா, சரியாகச் செய்வது எளிதா?

அட்டை மாத்திரையும் இப்படி ஓர் ஏற்பாடுதான். தகர டப்பாவில் ஆயிரம் மாத்திரை வரும் வரை, ஐம்பது காணாமல் போனால் கண்டுபிடிக்க வழியே கிடையாது. அட்டையில் அரசு முத்திரை அச்சானதும், அதே மாத்திரை கடையில் இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஈரம் படாது, கை படாது. அது மட்டும் இல்லை. வாங்கிப் போகிறவர் கையில் முதல் முறையாக ஒரு தகவல் வந்து சேர்ந்தது. பாட்டி இருந்திருந்தால், என்னிடம் கொடுத்துத் தேதியைப் படிக்கச் சொல்லியிருப்பார்.

பாஸ்புக்

என்னைக் கேட்டால் இந்த அமைப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும், சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக். வங்கியில் இருப்பது போலத்தான். அந்த ஆண்டுக்கு அந்த நிலையத்துக்கான மருந்துத் தொகை அதில் வரவாக எழுதப்படும். மருந்தாளுநர் கிடங்குக்குப் போய், பட்டியலில் இருந்து தங்கள் ஊருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். எடுத்த மருந்தின் மதிப்பு கழிக்கப்படும். மிச்சம் எவ்வளவு என்று இருவருக்கும் தெரியும்.

இதற்கு முன்னால் மேலிருந்து தள்ளிவிட்டதை வாங்கி அடுக்கிக்கொள்ள வேண்டும். வேண்டாத மருந்து அலமாரியில் தூங்கும், வேண்டியது இருக்காது. பாஸ்புக் வந்ததும் திசை மாறியது. வயல்காட்டு ஊரில் நடவு, அறுப்புக் காலங்களில் பாம்புக்கடி மருந்து கூடுதலாக வேண்டும் என்று அந்த ஊர் மருந்தாளுநருக்குத் தெரியும். மழை விட்டதும் வயிற்றுப்போக்கு வரும், உப்புச் சர்க்கரைப் பொட்டலம் வேண்டும் என்று தெரியும். சென்னையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அது எந்த வாரம் என்று தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. எதை, எந்த விலைக்கு, எந்தத் தரத்தில் வாங்குவது என்பது மேலே முடிவாகும். எவ்வளவு, எப்போது என்பது கீழே முடிவாகும். எல்லாவற்றையும் மையத்தில் குவிப்பதா, எல்லாவற்றையும் பரவலாக்குவதா என்று முடிவில்லாமல் நடக்கும் விவாதத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் கண்டுபிடித்த பதில் இது.

இதில் இன்னொரு நன்மையும் சேர்ந்து வந்தது. கிடங்குகளில் ஆரம்பத்திலிருந்தே கணினி வைத்தார்கள். யார் என்ன எடுத்தார்கள் என்ற பதிவு தலைமையகத்துக்குப் போனது. எந்தக் கிடங்கில் எது தீரப்போகிறது, எது தேங்கிக் கிடக்கிறது என்று பார்த்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். அடுத்த ஆண்டு டெண்டரில் எவ்வளவு கேட்பது என்பதற்கும் ஊகம் தேவையில்லை, சென்ற ஆண்டு நடந்ததே கணக்கு. மருந்தை எடுத்துப்போகும் வேலையே தகவல் சேகரிக்கும் வேலையாகவும் ஆகிவிட்டது. "மாதாந்திர அறிக்கை அனுப்பவும்" என்று தனியாக ஒரு படிவம் கொடுத்திருந்தால், அந்தப் படிவம் மாதக் கடைசியில் அவசர அவசரமாக, பழைய எண்களைப் பார்த்து நிரப்பப்பட்டிருக்கும். அரசு அலுவலகத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

ஆட்சி மாறியும் ஏன் நின்றது

கழகம் உருவானபோது ஜெயலலிதா முதல்வர். 1996ல் கருணாநிதி வந்தார். அதன் பிறகும் இரண்டு பக்கமும் மாறி மாறி வந்தார்கள். இவர் கொண்டுவந்த திட்டத்தை அவர் பெயர் மாற்றுவதும், அவர் கொண்டுவந்ததை இவர் மூடுவதும் நாம் பார்த்துப் பழகியதுதான். மருத்துவப் பணிகள் கழகத்துக்கு அந்த ஆபத்து வரவில்லை. பெயரில் எந்தத் தலைவரும் இல்லை என்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அதனால் நன்மை அடைந்தவர்கள் பல இடங்களில் இருந்தார்கள். மருத்துவருக்கு எழுதிய மருந்து கிடைத்தது. மருந்தாளுநருக்கு ஜன்னலில் வாங்கும் திட்டு குறைந்தது. நேர்மையாகத் தொழில் செய்யும் கம்பெனிக்குப் பணம் நேரத்துக்கு வந்தது. நிதித் துறைக்கு அதே பணத்தில் கூடுதல் மருந்து. நோயாளிகளைச் சொல்லவே வேண்டாம். யார் ஆட்சிக்கு வந்தாலும் இதைக் கலைத்தால் அடுத்த மாதமே ஜன்னலில் கூச்சல் கேட்கும். இலங்கையின் கொள்கை பெரிதும் ஒரு மேதையின் தோளிலும் ஓர் அரசின் தோளிலும் நின்றது. இங்கே பாரம் பலர் தோளில் பரவிவிட்டது.

பெயரை மட்டும் எடுத்துப்போனால்

தமிழ்நாட்டைப் பார்த்துப் பல மாநிலங்கள் மருத்துவப் பணிகள் கழகம் அமைத்தன. கேரளம் 2007ல் தொடங்கியது. ராஜஸ்தான் 2011ல் கழகம் அமைத்து, அதே ஆண்டு அக்டோபர் 2 முதல் இலவச மருந்துத் திட்டத்தை மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது. கிடங்கு, சோதனை, கணினிப் பதிவு என்று உள்ளுறுப்புகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டதால் அங்கே புறநோயாளிகள் கூட்டம் வேகமாகப் பெருகியது. அனைவருக்கும் மருத்துவம் பற்றி ஆராய மத்தியத் திட்டக் குழு, மருத்துவர் கே.ஸ்ரீநாத் ரெட்டி தலைமையில் அமைத்த உயர்மட்ட நிபுணர் குழுவும் 2011ல் இந்தக் கொள்முதல் முறையை எடுத்துக்காட்டாகச் சொன்னது.

ஆனால் எல்லா இடத்திலும் ஒரே விளைவு வரவில்லை. கழகம் என்ற பலகையை மாட்டுவது எளிது. சட்டப்படி பதிவு, ஒரு மேலாண்மை இயக்குநர், ஒரு கட்டடம் போதும். விலையை மட்டும் மையத்தில் பேசி முடித்துவிட்டு, வாங்குவதைப் பழையபடி மாவட்டங்களிடமே விட்டால் அளவின் பலம் போய்விடும். கிடங்கு கட்டாமல் சரக்கை நேராக மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னால் சோதனை முடியும்வரை பிடித்துவைக்க இடம் இல்லை. பணத்தைத் தாமதித்தால் நல்ல கம்பெனி அடுத்த டெண்டருக்கு வராது. ஒவ்வொரு உறுப்பும் இன்னொன்றைத் தாங்கி நிற்கிறது. எதை விட்டால் எது சரியும் என்று பார்க்காமல் எடுத்துப்போகும் "முன்மாதிரி" அந்த ஊர் மக்களுக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. பிற மாநில அதிகாரிகள் இங்கே வந்தால் சென்னைத் தலைமையகத்தில் படக்காட்சி பார்ப்பதைவிட, ஒரு மாவட்டக் கிடங்கில் இரண்டு நாள் உட்கார்ந்திருப்பது நல்லது.

இன்றைய இறுக்கங்கள்

இனி குறைகள். மிகக் குறைந்த விலைக்கே ஒப்பந்தம் என்ற விதி நல்ல காலத்தில் பணத்தை மிச்சப்படுத்தும். மூலப்பொருள் விலை திடீரென்று ஏறினால் அதே விதி காலை வாரும். ஒத்துக்கொண்ட விலைக்குக் கட்டுப்படி ஆகாது என்று கம்பெனி சரக்கை நிறுத்தினால், அபராதமும் கறுப்புப் பட்டியலும் கோப்பில் ஏறும். ஜன்னலில் மருந்து இருக்காது. அடுத்த குறைந்த விலைக்காரரிடம் ஒரு பங்கு ஆர்டரைக் கொடுத்துவைப்பது பாதுகாப்பு. ஆனால் வாங்குபவர் மிகப் பெரியவராகவும் விற்பவர்கள் மிகச் சிலராகவும் ஆகும்போது இந்தப் பாதுகாப்பும் மெலிகிறது.

இன்னொன்று, நோயே மாறிவிட்டது. பாட்டி காலத்தில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சீழ்ப்புண் என்று வந்துபோகும் நோய்கள்தான் கூட்டத்தை நிரப்பின. பட்டியலும் பாஸ்புக்கும் அதை மனதில் வைத்துதான் உருவாயின. இன்று ஒருவர் சர்க்கரைக்கு மாத்திரை தொடங்கினால் வாழ்நாள் முழுக்க, ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட வேண்டும். காய்ச்சல் மாத்திரை ஒரு வாரம் இல்லாமல் போனால் கஷ்டம். ரத்த அழுத்த மாத்திரை ஒரு மாதம் இல்லாமல் போனால் ஒருவர் பக்கவாதத்தில் விழலாம். இருப்பில் சராசரியாக இத்தனை சதவீதம் மருந்து உண்டு என்ற அளவுகோல் இங்கே போதாது. ஒரே நோயாளிக்குத் தொடர்ந்து பன்னிரண்டு மாதமும் கிடைத்ததா என்று கேட்க வேண்டும்.

ஆட்களின் கதையும் இருக்கிறது. பாஸ்புக்கின் கணக்கைச் சரியாகப் போட மருந்தாளுநர் வேண்டும். அந்த இடம் காலியாக இருக்கும் நிலையத்தில், செவிலியர் தன் வேலைக்கு நடுவில் மருந்தையும் எடுத்துக் கொடுத்துப் பதிவும் செய்கிறார். தேவைப்பட்டியல் சென்ற மாதத்துப் பட்டியலின் நகலாக மாறுவது அங்கேதான். கீழிருந்து தகவல் வரவேண்டும் என்று வடிவமைத்த அமைப்புக்கு, கீழே ஆள் இல்லாமல் போவதைவிடப் பெரிய சேதம் கிடையாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. பெண் தன்னார்வலர் ஒருவர் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வருகிறார். ஜன்னல் இப்போது வீட்டு வாசலுக்கே நகர்ந்துவிட்டது. மருத்துவமனை வரை நடக்க முடியாத முதியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பாஸ்புக் இன்னும் நிலையத்தின் பெயரில்தான் இருக்கிறது. மாத்திரை போய்ச் சேர வேண்டியதோ ஒரு தெருவில், ஒரு வீட்டில், ஒரு பெயரில். அந்தப் பெண் தன் பையில் எடுத்துப்போகும் முப்பது நாள் மாத்திரை, முப்பத்தோராவது நாளும் கிடங்கில் காத்திருக்கிறதா என்பது அவர் எடுத்துப்போகும் பட்டியலிலிருந்தே கிடங்குக்குத் தெரிய வேண்டும். 1995ல் மருந்தாளுநரின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்துச் சாதித்ததை, இன்று இந்தத் தன்னார்வலரின் கையில் எதைக் கொடுத்துச் சாதிப்பது என்பதுதான் அடுத்து யோசிக்க வேண்டிய வேலை. அந்த வேலையை அவரோடு நாலு தெரு நடந்துவிட்டுத் தொடங்கினால் நன்றாக இருக்கும்.